தாடை மூட்டு நோவு: எவரை நாடுவது?

கண்ணில் நோய் கண்டவர் கண் வைத்தியரை நாடுகின்றார். பற்கொதியால் வருந்துபவர் பல்வைத்தியரிடம் செல்கின்றார். கால் முறிந்தவருக்கும் போகுமிடம் தெரியும். ஆனால் காதுக்குச் சற்று முன்னே, வாயைத் திறந்து மூடும்போது விரலின் கீழ் அசையும் சிறு மூட்டிலே நோவு கண்டவருக்கு மட்டும் வழி எளிதிற் புலப்படுவதில்லை. நோவு காதில் இருப்பதுபோலத் தோன்றுகின்றது; ஆகவே காது வைத்தியரிடம் செல்கின்றார். அவர் காதைச் சோதித்துக் குறை ஒன்றுமில்லை என்கின்றார். பின்னர் தலையிடி என எண்ணிப் பொது வைத்தியரை அணுகுகின்றார். அதன்பின் கடைவாய்ப் பல்லே காரணம் என நினைந்து, பழுதற்ற பல்லைப் பிடுங்குவித்துக் கொள்வோரும் உளர். பல் போன பின்னும் நோவு போவதில்லை.

இந்த அலைச்சலுக்கு நோயாளர் மட்டும் காரணரல்லர். பல்வைத்தியமும் பொது வைத்தியமும் நெடுங்காலமாகத் தனித்தனிக் கல்வி நெறிகளாக வளர்ந்து வந்தவை. தாடை மூட்டோ இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையில் உள்ளது. இரண்டு ஊர்களின் எல்லையில் நிற்கும் மரத்துக்கு எந்த ஊராரும் நீர் வார்ப்பதில்லை அன்றோ? 1934ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஜேம்ஸ் கொஸ்ரன் என்னும் காது, தொண்டை வைத்தியர், காதிரைச்சல், காதடைப்பு, முகநோவு ஆகியவற்றைத் தாடை மூட்டுடன் தொடர்புபடுத்தி எழுதினார். பற்களை இழந்தமையால் தாடை மிகுதியாக மூடி மூட்டை அழுத்துகின்றது என்பதே அவர் கூறிய காரணம். அக்காரணம் பிற்காலத்தில் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. எனினும், தாடை மூட்டு மருத்துவ உலகின் கவனத்துக்கு வர அவரது கட்டுரை வழிகோலியது. 1969ஆம் ஆண்டில் டானியல் லாஸ்கின் என்பவர், இந்நோவிற் பெரும்பகுதி மூட்டிலன்றி மெல்லும் தசைகளிலேயே பிறக்கின்றது என்றும், மனக்கவலையும் பற்களை இறுக்கிக் கடிக்கும் பழக்கமும் அதை வளர்க்கின்றன என்றும் எடுத்துக்காட்டினார். இவ்வளவு காலம் கழிந்தும் பிளவு முற்றாக நீங்கவில்லை. வைத்தியத்துக்கும் பல்வைத்தியத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியால் இந்நோயாளர் உரிய கவனிப்பின்றி அலைகின்றனர் என 2020ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியக் கல்விக்கழகங்களின் அறிக்கையொன்று குறிப்பிட்டது. அதே ஆண்டிலேதான் வாய், முக நோவு பற்றிய துறை அந்நாட்டில் பல்வைத்தியத்தின் தனிச் சிறப்புத்துறையாக ஏற்கப்பட்டது.

எவரை நாடுவது என்பதை அறிவதற்கு முன், மூட்டின் அமைப்பைச் சிறிது அறிதல் நன்று. கீழ்த்தாடை என்பின் இரு முனைகளும் மண்டையோட்டின் பக்க என்புகளிலுள்ள இரு குழிகளிற் பொருந்துகின்றன. முனைக்கும் குழிக்கும் இடையே உறுதியான நாரிழையத்தாலான மெல்லிய தட்டு ஒன்று மெத்தைபோல அமைந்துள்ளது. வாயைச் சிறிது திறக்கும்போது தாடை முனை கதவின் பிணைச்சல்போலச் சுழல்கின்றது. அகலத் திறக்கும்போது தட்டையும் உடன்கொண்டு முன்னோக்கி வழுக்கிச் செல்கின்றது. சுழலலும் வழுக்கலும் ஒருங்கே நிகழும் மூட்டு இது. அன்றியும், தாடை ஒரே என்பாதலால், ஒரு பக்க மூட்டு மறுபக்க மூட்டை விட்டுத் தனியே இயங்க முடியாது.

இதிலிருந்து இம்மூட்டின் கோளாறுகள் மூவகைப்படும் என்பது விளங்கும். முதலாவது, மெல்லும் தசைகள் களைத்து இறுகுவதால் வரும் நோவு. மிகுதியாகக் காணப்படுவது இதுவே. இரண்டாவது, இடைத்தட்டு இடம்பெயர்வதால் வரும் "கிளிக்" என்னும் ஓசையும், சிலவேளைகளில் வாய் திறவாது பூட்டிக்கொள்ளுதலும். மூன்றாவது, மூட்டே தேய்வதாலோ, வாத நோயால் அழற்சியுறுவதாலோ வரும் நோவு. இங்கே ஒன்றை வற்புறுத்தல் வேண்டும். நோவின்றி ஓசை மட்டும் கேட்குமாயின் அதற்குச் சிகிச்சை வேண்டியதில்லை. உடல்நலமுள்ளோர் பலரின் தாடையும் ஓசை செய்வதுண்டு.

முதற்கண் நாட வேண்டியவர் யாவர்? பெரும்பாலானோருக்கு விடை, தகுதி பெற்ற பல்வைத்தியர் என்பதே. காரணம் யாதெனின், தாடைப் பக்கத்து நோவுக்கு மிகப் பொதுவான ஏனைய காரணங்கள் வாய்க்குள்ளேயே உள்ளன. சொத்தைப் பல், பல்லடிச் சீழ், முளைக்க இடமின்றிச் சாய்ந்து கிடக்கும் ஞானப்பல் ஆகியவற்றை அவரே முதலிற் கண்டு விலக்க வல்லவர். நல்ல பல்வைத்தியர் பற்களை மட்டும் பார்த்து அமைவதில்லை. நோவு எப்போது தொடங்கியது, காலையில் மிகுமா மாலையில் மிகுமா, உறக்கத்திற் பல் நெருடும் வழக்கம் உண்டா என வினவுவார். கன்னத்துத் தசைகளையும் பொட்டுத் தசைகளையும் விரலால் அழுத்திப் பார்ப்பார். வாய் எவ்வளவு திறக்கின்றது என அளப்பார். வளர்ந்தோர் பெரும்பாலாருக்கு மேல், கீழ் முன்பற்களுக்கிடையே 40 மில்லிமீற்றருக்குக் குறையாத இடைவெளி உண்டாகும். மூன்று விரல்களை நிமிர்த்தி வாய்க்குள் வைக்க முடிகின்றதா என நோயாளரே வீட்டிற் பார்த்துக்கொள்ளலாம்.

பல்வைத்தியர் சோதித்த பின்னர், அறிகுறிக்கேற்பப் பிறரின் உதவி தேவைப்படலாம். காதிலிருந்து நீர் அல்லது சீழ் வடிந்தாலும், கேள்வித்திறன் குறைந்தாலும் காது, மூக்கு, தொண்டை நிபுணரே உரியவர். தாடையுடன் கை விரல்களும் முழங்கால்களும் நொந்து, காலையில் நெடுநேரம் மூட்டுகள் விறைத்திருந்தால் வாத நோய் நிபுணரைக் காணல் வேண்டும். முகம் கழுவும்போதோ, பல் துலக்கும்போதோ, காற்றுப் பட்டாலோ மின்சாரம் பாய்ந்தாற்போல ஒரு கணம் வெட்டி மறையும் நோவு நரம்பு நோவாக இருக்கலாம். அது நரம்பியல் நிபுணரின் துறை. பல்லைப் பிடுங்குவதால் அது தீராது. தசை இறுக்கத்தால் வரும் நோவுக்குத் தாடைப் பயிற்சிகளைக் கற்பிக்கும் இயன்மருத்துவர் பெருந்துணை ஆவார். வாய் திறவாது பூட்டிக்கொண்டாலும், எளிய சிகிச்சைகளால் மாதக்கணக்காகியும் குணம் காணாவிட்டாலும், வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பப்படுதல் முறை. சத்திரசிகிச்சை நிபுணர் என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. அவரிடம் செல்வோரில் மிகச் சிலருக்கே கத்தி தேவைப்படுகின்றது.

மனநல வைத்தியரையோ உளவளத்துணையாளரையோ பார்க்கும்படி கூறப்பட்டால், "என் நோவைக் கற்பனை என்கின்றனரே" எனச் சிலர் மனம் வருந்துவர். அவ்வருத்தம் தேவையற்றது. கவலையுற்றவர் தம்மையறியாமலே பற்களைக் கடித்து இறுக்குகின்றார். இறுகிய தசை உண்மையாகவே நோகின்றது. நோவு உறக்கத்தைக் கெடுக்க, உறக்கமின்மை நோவை மேலும் பெருக்குகின்றது. இச்சுழலை அறுப்பதும் வைத்தியமே. நீடித்த தாடை நோவு பற்றி 2023ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த வழிகாட்டல், இத்தகைய உளவியற் பயிற்சியையும், பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையிற் செய்யும் தாடை அப்பியாசங்களையும் வலுவாகப் பரிந்துரைத்தது.

இனி, தாமதிக்கலாகாத நிலைகள் சில உள. மாடிப்படி ஏறும்போதோ, வேகமாக நடக்கும்போதோ தாடையில் நோவு தோன்றி, நெஞ்சிறுக்கமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால், அது இருதய நோவாக இருக்கலாம். அந்நிலையிற் பல்வைத்தியரைத் தேடாது, 1990 என்னும் தொலைபேசி இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் சேவையை அழைத்து வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். 50 வயதைக் கடந்தவர் ஒருவருக்குப் புதிதாகத் தலையிடி தோன்றி, தலை வாரும்போது தோல் நொந்து, உணவை மெல்ல மெல்லத் தாடை களைத்து வலித்தால், பொட்டருகே ஓடும் குருதிக்குழாய் அழற்சியுறும் நோயை ஐயுறல் வேண்டும். பார்வை மங்குமாயின் ஒரு நாளும் பொறுத்தலாகாது. உடனே மருந்து தொடங்காவிடிற் கண் குருடாகலாம். காயம்பட்ட சில நாட்களிலோ வாரங்களிலோ தாடை இறுகித் திறக்க முடியாமற் போவது ஏற்புவலியின் முதற்குறியாகலாம். கொட்டாவி விட்டபின் வாயை மூட முடியாமற் போனால் மூட்டு விலகியுள்ளது என்று பொருள். கீழ்க் கடைவாய்ப் பற்களிற் பெருவிரல்களை ஊன்றித் தாடையைக் கீழும் பின்னுமாகத் தள்ளிப் பொருத்தும் முறை 3,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்திய ஏடொன்றிலேயே கூறப்பட்டுள்ளது. ஆயினும் அது பயின்ற கைகளுக்கே உரியது. வீட்டார் முயலுதல் தகாது.

இலங்கையில் வாழ்வோர் சிறப்பாக மனங்கொள்ள வேண்டிய நிலை ஒன்றுண்டு. வெற்றிலை பாக்கு மெல்லும் வழக்கமுடையவருக்கு, வாயின் உட்புறத் தோலின் கீழ் நார்போன்ற இழையம் படிந்து கன்னம் இறுகி, வாய் திறக்கும் அளவு ஆண்டுக்காண்டு குறைந்துவரக் கூடும். காரமான உணவு பட்டால் வாய் எரியும். இதை மூட்டு நோய் எனக் கருதித் தைலம் பூசிக் காலங்கழித்தல் பேராபத்தாகும். ஏனெனில் இது வாய்ப்புற்றுநோய்க்கு முன்னோடியாகும் நிலைகளுள் ஒன்று. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய்க் காரணி என உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. ஆகவே வாய் திறப்பது படிப்படியாகக் குறைந்தாலும், ஆறாத புண்ணோ வெள்ளை, செந்நிறத் தழும்போ வாயிற் காணப்பட்டாலும், பாக்கை அன்றே விடுத்து அரசாங்கப் பற்சிகிச்சை நிலையத்துக்குச் செல்லுதல் கடமை.

உரியவரைத் தேர்வதற்கு அளவுகோல் ஒன்றுண்டு. சிகிச்சை மீளக்கூடியதா, மீளமுடியாததா என்பதே அது. தாடை நோவுகளிற் பெரும்பாலானவை காலப்போக்கிலும் எளிய முறைகளாலும் தணிகின்றன. ஆகவே முதல் நாளிலேயே பற்களை அராவிச் சமப்படுத்தவோ, பல பற்களுக்கு மகுடம் கட்டவோ, மூட்டை அறுக்கவோ கூறுபவரிடம், இன்னொரு நிபுணரின் கருத்தையும் கேட்டபின் வருவதாகச் சொல்லி விடைபெறுதல் அறிவுடைமை. இரவிற் பற்களின்மேல் அணியும் தகடு, கழற்றி வைக்கக்கூடியதாதலால் அத்துணை அபாயமுடையதன்று. எனினும் நீடித்த நோவுக்கு அதன் பயன் பற்றி நிபுணரிடையே கருத்து வேற்றுமை உண்டு. பற்கடியை நிரந்தரமாக மாற்றும் தகடுகளையோ மேற்கூறிய வழிகாட்டல் வன்மையாக மறுத்தது. அவசரத்தின் விலையை வரலாறும் காட்டுகின்றது. 1980களில் அமெரிக்காவில் இடைத்தட்டை நீக்கிவிட்டு, அதனிடத்தில் ரெவ்லோன் என்னும் செயற்கைப் பொருளாலான தகடுகளை நோயாளர் பலருக்குப் பொருத்தினர். அவை தேய்ந்து சிதறி, அருகிலுள்ள என்பையும் அரித்தன. 1990ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்க நிறுவனம் எச்சரிக்கை விடுத்தபோது, பலர் முன்னிலும் கொடிய நோவுக்கு ஆளாகியிருந்தனர்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் செல்வதும் மக்களின் வழக்கம். எண்ணெய் தடவி ஒற்றடமிடுவதாற் தசை நோவு தணியலாம். ஆனால் காரணம் தெரியுமுன் தாடையை வலிந்து இழுத்தலும் திருகலும் தீங்கு தரும். எவரை நாடினும் அவர் பதிவு பெற்றவரா என அறிதல் வேண்டும். மேலைநாட்டு முறை வைத்தியரும் பல்வைத்தியரும் இலங்கை மருத்துவப் பேரவையிற் பதிவு பெற்றிருத்தல் சட்டம்.

பொருள் வசதியற்றோர் மனந்தளர வேண்டியதில்லை. அரசாங்க வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவுகளிற் பணமின்றிச் சோதனை நடைபெறுகின்றது. அங்கிருந்து கடிதம் பெற்றுப் பெரிய வைத்தியசாலைகளிலுள்ள நிபுணரிடம் செல்லலாம். பேராதனைப் பல்வைத்தியப் போதனா வைத்தியசாலையும், கொழும்புத் தேசியப் பல்வைத்தியசாலையும் இத்துறையிற் சிறந்த நிலையங்கள். செல்பவர், நோவு தொடங்கிய நாள், அதை மிகுவிப்பவை, உட்கொள்ளும் மருந்துகள், முன்னர் கண்ட வைத்தியர் கூறியவை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போதல் நன்று. இடையிலே கஞ்சி, குழைந்த சோறு போன்ற மென்மையான உணவை உண்டும், முறுக்கு, பாக்கு முதலியவற்றை விலக்கியும், கொட்டாவி வரும்போது நாடியைக் கையால் தாங்கியும், இளஞ்சூட்டு ஒற்றடமிட்டும் தாடைக்கு ஓய்வு கொடுக்கலாம். உதடுகள் மூடியிருக்கும்போதும் பற்கள் ஒன்றையொன்று தொடாதிருப்பதே தாடையின் இயல்பான ஓய்வு நிலை. பகலில் அவ்வப்போது இதை நினைவுகூர்ந்து பற்களைப் பிரித்து வைப்பவர் தம் நோவைத் தாமே பாதி குறைத்துக்கொள்ளவும் கூடும்.

சுருங்கக் கூறின், அபாயக் குறிகள் இருந்தால் வைத்தியசாலைக்கு உடனே செல்க. இல்லையேற் பல்வைத்தியரிடம் தொடங்குக. அவர் காட்டும் வழியே ஏனையோரை நாடுக. மீளமுடியாத சிகிச்சைக்கு விரைந்து இணங்காதிருக்க. இந்த ஒழுங்கைக் கைக்கொள்பவர் நல்ல பல்லை வீணே இழவார். காலத்தையும் பொருளையும் வீணாக்கார்.