பாக்குநீரிணையும் சிறு மீனவரும்

ஈழத்தின் வடபால் அமைந்த பாக்குநீரிணை ஆழங்குறைந்த கடல். அதன் அடியிற் படர்ந்துள்ள கடற்புற் படுக்கைகளே இறாலும் நண்டும் இளமையில் வளர்தற்குரிய தொட்டில்களாம். நம் சிறு மீனவர் இக்கடலிற் களங்கண்ணியும் செவுள்வலையுங் கொண்டு தொழில் புரிவர். இவை ஓரிடத்தே நின்று, வருவதை ஏற்பன. வலைக்கண்ணின் அளவு தக்கதாயின் குஞ்சுகள் தப்பிச் செல்லும்.

இழுவைமடியின் இயல்பு வேறு. விசைப்படகு அதனைக் கடலடியிற் பொருந்த இழுத்துச் செல்லுங்கால், முதிர்ந்தவையும் குஞ்சுகளும் ஒருங்கே அள்ளப்படுகின்றன, கடற்புல்லுஞ் சிதைகின்றது, வழியில் விரித்த வலைகளும் அறுந்தொழிகின்றன. ஓரிரவில் வலையிழந்த சிறு மீனவன் மறுவலைக்குக் கடன்படல் வேண்டும். 2009இல் போர் ஓய்ந்தபின் கடலுக்கு மீண்டோர், எதிர்க்கரையினின்றும் எல்லை கடந்து வரும் இழுவைப்படகுகளால் இவ்விழப்பையே எய்தினர்.

2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இலங்கைக் கடலில் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. அச்சட்டம் ஏட்டளவில் நில்லாது கடலிலும் நிலைபெறல் வேண்டும். எதிர்க்கரையிலும் சிறுவலையால் வாழ்வோர் உளர். கடல் வறிதாயின் அவர்க்கும் கேடே. ஆதலின் இப்பிணக்கை இரு நாட்டாரின் பகையாகக் கொள்ளாது, இருவகைத் தொழில்களின் முரணாகக் கொண்டு தீர்த்தல் நன்று. முதற்பொருள் அழியாது விளைவை மட்டுங் கொள்ளும் தொழிலையே இரு கரையும் ஆதரித்தல் கடனாம்.