கணனியும் கிண்ணியாத் துறையும்

2009ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திற் பாலம் திறக்கப்படும்வரை, திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்கு நேர்வழியிற் செல்வோர் ‘பாதை’ எனப்பட்ட மிதவையிலேயே துறையைக் கடந்தனர். மிதவை ஒன்று, கடக்க வேண்டியோர் பலர். நிறைய ஏற்றியபின் புறப்படின், ஒரு நாளிற் கடப்போர் தொகை பெருகும். ஆயின், கரையில் நிற்பவன் நெடுநேரம் காத்திருப்பான். சிலரை ஏற்றி அடிக்கடி புறப்படின் காத்திருப்புக் குறையும். ஆயின், ஏற்றி இறக்குவதிலேயே பொழுது கழியும். கணனியின் மத்திய செயலியைப் பங்கிடுவதிலுள்ள இடர்ப்பாடும் இத்தகையதே.

செயலியின் ஒரு கரு ஒரு கணத்தில் ஒரு செயன்முறையையே நடத்தவல்லது. எதனை, எவ்வளவு நேரம் நடத்துவது என்பதைத் தீர்மானிப்பது பணிசெயல் முறைமையின் ஓர் உறுப்பாகிய அட்டவணைப்படுத்தி. இருபது செயன்முறைகள் ஒவ்வொன்றும் 100 மில்லிசெக்கன் பெறுமெனக் கொள்க. விசைப்பலகையிற் தட்டிய எழுத்து, ஏனைய பத்தொன்பதும் முடிந்த பின்னரே திரையில் தோன்றுமாயின், ஏறத்தாழ 2 செக்கன் தாமதமாகும். எழுத்துத் தோன்றாமையால் மாணவன் மீண்டும் தட்டுவான், எழுத்து இரட்டிக்கும். துண்டத்தை 5 மில்லிசெக்கனாகக் குறைப்பின், தாமதம் பத்திலொரு செக்கனளவே. அதனை மனிதன் பெரிதும் உணரான். ஆயினும், மாறுதற்கு ஒவ்வொரு முறையும் 1 மில்லிசெக்கன் செலவாகுமெனின், ஆறிலொரு பங்கு நேரம் வீணாகும். உண்மையில் மாற்றுச் செலவு இதனினும் மிகச் சிறிதெனினும், விதி ஒன்றே.

இவ்விடர்ப்பாடு புதியதன்று. அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் கோர்பாட்டோ என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும் அமைத்த நேரப்பகிர்வு முறைமையில், குறுகிய வேலைகளுக்கு முன்னுரிமையும் நெடிய வேலைகளுக்குப் பிந்திய வரிசையும் வகுக்கப்பட்டன. 1962இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுரை இதனை விளக்குகிறது.

லினக்ஸ் முறைமையில் இவ்விவாதம் மீண்டும் எழுந்தது. பெரிய வழங்கிகளுக்கு ஏற்றதாயிருந்த அட்டவணைப்படுத்தி, மேசைக் கணனியில் ஒலியும் சுட்டியும் தடைப்பட இடமளித்தது. அவுஸ்திரேலியாவில் மயக்கமருந்து வைத்தியராகிய கொன் கோலிவாஸ், எச்செயன்முறை பயனருக்குரியது என ஊகிப்பதை விடுத்து, யாவற்றுக்கும் நேர்மையாகப் பங்கிடுவதே தக்கதெனச் செய்து காட்டினார். அவ்வெண்ணத்தைத் தழுவி இங்கோ மொல்நார் இயற்றிய முறை, 2007இல் 2.6.23ஆம் பதிப்பிற் சேர்ந்தது. அதில் ‘நைஸ்’ எண் 0 உடைய செயன்முறைக்கு நிறை 1024. எண் 19 உடையதற்கு 15. இரண்டும் ஒரு கருவுக்குப் போட்டியிடின், பின்னது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கினும் குறைவாகவே பெறும்.

எனினும், நேர்மையான பங்கு வேறு; விரைவான மறுமொழி வேறு. நாளொன்றுக்குச் சிறிதளவே பயணஞ் செய்பவனுக்கு வேண்டியது பெரும்பங்கன்று. வந்தவுடன் இடம் கிடைத்தலே. 1995இல் இயன் ஸ்ரொய்க்காவும் ஹுசைன் அப்தெல்-வஹாப்பும் முன்வைத்த முறையை ஒட்டி, 2023இல் 6.6ஆம் பதிப்பில் இவ்வேறுபாடு இடம்பெற்றது. தன் பங்கை மீறாத செயன்முறைகளுள், எதன் கெடு முந்தியதோ அதுவே முதலில் நடக்கும். சிறிய துண்டம் கேட்பதன் கெடு விரைவில் வரும். அதன் மொத்தப் பங்கு மட்டும் கூடாது.

புதுக் கணனி வாங்க வசதியற்ற கல்லூரி ஆய்வுகூடத்துக்கு இவ்வறிவு பயன்தரும். பிரதியெடுத்தல் போன்ற பின்னணி வேலைகளுக்கு நைஸ் எண் 19 இட்டால், தட்டெழுதும் மாணவனுக்கு இடையூறு குறையும். ஆயின், 2011 முதல் லினக்ஸில் அமர்வுகளைத் தனித்தனிக் குழுக்களாக்கும் வசதியுமுண்டு. அது இயங்கும்போது நைஸ் எண் அந்தந்தக் குழுவினுள்ளேயே செல்லுபடியாகும். நினைவகம் போதாது வட்டிற்கும் நினைவகத்துக்குமிடையே தரவு அலைந்தாலோ, எவ்வட்டவணைப்படுத்தியும் உதவாது. ஆதலின், தாமதத்தின் காரணத்தை அளந்தறிந்த பின்னரே மாற்றம் செய்தல் வேண்டும்.

கிண்ணியாத் துறையின் காத்திருப்பைப் பாலம் தீர்த்தது. கணனியிலும் கருக்களைப் பெருக்குதல் அத்தகைய பாலமே. எனினும், எத்துணைப் பாலம் அமைப்பினும், வேலை அதனினும் பெருகும்போது, யார் முதலிற் கடப்பது என்னும் வினா மீண்டும் கரையில் வந்து நிற்கும்.