கோப்புக்கு எண், தலைப்புக்குப் பட்டியல்

கணினிக் கோப்பின் பெயருக்கும் அது இருக்கும் பாதைக்கும் நீள வரம்பு உண்டு. யாழ்ப்பாணத்து வெளியீடுகளின் தலைப்புகள் அந்த வரம்பை எளிதில் எட்டிவிடுகின்றன. கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், ஒருவர் மறைந்த 31ஆம் நாளில் வெளியிடப்படும் 'கல்வெட்டு' என்ற நினைவு நூல் ஆகியவற்றின் அட்டையில் ஊர், முழுப்பெயர், அடைமொழி, நிகழ்வு, ஆண்டு எல்லாம் ஒரே தொடராக நிற்கும். ஸ்கான் செய்து சேமிப்போர் அத்தொடரையே கோப்பின் பெயராக இடுவதுண்டு. சேமிக்கும்போது தெரியாத சிக்கல், பிரதி எடுக்கும்போது தலைகாட்டும்.

விண்டோஸில் ஒரு கோப்பின் பெயர் 255 குறியீடுகள் வரை இருக்கலாம். ஆனால் வன்தட்டின் எழுத்து, கோப்புறைகளின் பெயர்கள், கோப்பின் பெயர் எல்லாம் சேர்ந்த பாதை வழக்கமாக 260ஐத் தாண்டக்கூடாது. 'மலர்கள்' என்ற ஒரே கோப்புறையில் இருந்தவை, வேறொரு வன்தட்டில் 'காப்பு', 'வலிகாமம்', 'கோயில்கள்' என மூன்று கோப்புறைகளுக்குள் போகும்போது பாதை நீள்கிறது. பெயரில் ஓர் எழுத்தும் மாறாமலே வரம்பு மீறப்படுகிறது.

லினக்ஸில் வரம்பு வேறு விதமானது. அங்கே பெயருக்குரிய அளவு 255 பைட்டுகள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகளாகவே எண்ணப்படுகின்றன. 'யாழ்ப்பாணம்' என்பது கண்ணுக்கு 6 எழுத்து. கணினிக்கு 11 குறியீடு, 33 பைட்டு. 'கும்பாபிஷேகச் சிறப்பு மலர்' என்ற மூன்று சொற்களே 74 பைட்டுகளை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே ஏறத்தாழ 50 தமிழ் எழுத்துகளுக்கு மேற்பட்ட பெயருள்ள கோப்பு விண்டோஸில் திறந்தாலும் லினக்ஸ் கணினிக்குப் போக மறுக்கலாம்.

பாதை நீண்டதால் வரும் தடைக்கு எளிய வழி, கோப்புறைகளின் பெயரைச் சுருக்குவதும் அடுக்குகளைக் குறைப்பதும். விண்டோஸோடு வரும் ரோபோகொப்பி என்ற கட்டளை நீண்ட பாதைகளையும் பிரதி எடுக்கும். பெயரே நீண்டதாக இருந்தால் எந்தக் கருவியும் உதவாது. பெயரைக் குறுக்கியே ஆகவேண்டும். அவசரத்தில் வாலை வெட்டினால் ஆண்டும் பாகமும் போய்விடும்; இரண்டு மலர்கள் ஒரே பெயருக்கு வந்து ஒன்றின்மேல் ஒன்று எழுதப்படவும் கூடும்.

தகவலை இழக்காமல் பெயரைக் குறுக்குவதற்கு, 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் நல்ல முன்மாதிரி. அங்கே ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு. 222 என்ற எண்ணுடைய ஆவணத்தின் பிடிஎப் கோப்புக்கும் 222 என்பதே பெயர். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் பட்டியல் பக்கத்தில் குறையின்றித் தமிழில் நிற்கின்றன. வீட்டுச் சேகரிப்புக்கும் இது பொருந்தும்: 0001, 0002 என்று கோப்புகளுக்கு எண்; ஒரு விரிதாளில் எண்ணுக்கு நேரே முழுத் தலைப்பு. அந்த விரிதாளும் கோப்புகளோடு சேர்ந்தே பிரதியாக வேண்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. இந்த மண்ணில் பிரதி எடுப்பது பாதுகாப்பின் முதல் வேலை. பெயர் நீண்டதற்காக ஒரு மலர் விடுபட்டால், பிரதி இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டுமே மிஞ்சும். எனவே பிரதி முடிந்ததும் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்த பின்னரே மூலத்தைக் கைவிடலாம்.