படம் பார்க்கும் படலம் – 9: நாலு விநாடியில் ஒரு தீர்ப்பு

புகைப்படப் போட்டிக்கு எந்தப் படத்தை அனுப்பலாம் என்று சென்ற வாரம் பேசினோம். அனுப்பிய படம் நடுவர்களிடம் போனபின் என்ன ஆகிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஆர்வலர்களுக்கான போட்டிகளில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன் என்பதால், அந்த அறைக்குள் நடப்பதை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

விளக்கணைத்த அறை, முன்னால் பெரிய திரை. மூன்று நடுவர்கள், ஆளுக்கொரு பொத்தான் பெட்டி. எடுத்தவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. படம் திரைக்கு வந்ததும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணை அழுத்த வேண்டும். மூவரும் ஒன்று கொடுத்தால் கூட்டுத்தொகை 3, மூவரும் ஐந்து கொடுத்தால் 15. முதல் சுற்றில் பெரும்பகுதி கழிவது இந்த எண்ணை வைத்துத்தான். ஒரு படத்துக்குக் கிடைப்பது நாலைந்து விநாடி. படங்கள் குவியும்போது வேறு வழியும் இல்லை.

அந்த நாலைந்து விநாடியில் ஓங்கிக் குரல் கொடுக்கும் படம்தான் தப்பிக்கும். குலசேகரன்பட்டினம் தசராவில் நாக்கை நீட்டிய காளி வேடம், புழுதி கிளப்பும் ஜல்லிக்கட்டுக் காளை, பீடிப் புகைக்குப் பின்னால் சுருக்கம் விழுந்த முகம். இவை நல்ல பொருள்கள்தாம். ஆனால் காளையின் வேகத்துக்கு நான் மார்க் போட முடியாது. எடுத்தவர் எங்கே நின்றார், எப்போது அழுத்தினார், எதைச் சட்டகத்துக்கு வெளியே விட்டார் என்பதற்குத்தான் போட வேண்டும். கானுயிர்ப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணன் (1912–1996) பல கருவிகளின் பாகங்களை இணைத்துத் தானே அமைத்துக்கொண்ட கேமராவில் எடுத்த கறுப்பு வெள்ளை யானைப் படங்களை நினைத்துக்கொள்கிறேன். விலங்கையும் அது நிற்கும் காட்டையும் நிதானமாகப் பார்க்கக் கேட்கும் படங்கள் அவை. இன்றைய முதல் சுற்றில் அவற்றுக்கு என்ன மார்க் விழும் என்று யோசித்தால் எனக்குக் கலக்கமாகவே இருக்கிறது. அதனால்தான் நடுவராகப் போகும் இடங்களில் ஒன்றை வற்புறுத்திக் கேட்பேன்: முதல் சுற்றில் விழுந்த படங்களைச் சிறிய அளவில், ஒரே திரையில் பல படங்களாக அடுக்கி மறுபடியும் காட்டுங்கள். அடங்கிய குரலில் பேசும் ஒரு நல்ல படமாவது அப்போது கண்ணில் படும்.

அடுத்த சிக்கல், ஒரே பாட்டி. பயிற்சி முகாம்களில் காசு கொடுத்து ஒரு பாட்டியை உட்கார வைத்து, கையில் அரிக்கேன் விளக்கைக் கொடுத்து, சாம்பிராணிப் புகை போட்டு, வந்தவர்கள் எல்லாரும் எடுக்கிறார்கள். பிறகு அதே பாட்டி, அதே விளக்கோடும் அதே புகையோடும், வெவ்வேறு பெயர்களில் போட்டிக்கு வருகிறார். விதிமீறல் இல்லைதான். விளக்கை வைத்ததும் வெளிச்சத்தைத் தீர்மானித்ததும் முகாம் நடத்தியவர் என்னும்போது, அனுப்பியவருக்கு நான் எதற்காக மார்க் போடுவது? பழகிக்கொள்ள எடுக்கட்டும், தவறே இல்லை. போட்டிக்கு அனுப்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

உண்மை, பொய் விஷயத்துக்கு வருவோம். 2009-இல் ‘வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்’ போட்டியின் முதல் பரிசு, வேலிக்கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாய்ப் படத்துக்குப் போனது. அது பழக்கப்பட்ட ஓநாய் என்ற முடிவுக்கு வந்த நடுவர்கள், 2010 ஜனவரியில் படத்தை நீக்கினார்கள். அதே போட்டியில் 2017-இல் ஒரு பிரிவில் வென்றது, பிரேசிலின் எமாஸ் தேசியப் பூங்காவில் இரவில் மின்னும் கரையான் புற்றருகே எறும்புத்தின்னி நிற்கும் படம். பூங்கா வாசலில் பாடம் செய்து வைத்திருந்த எறும்புத்தின்னியோடு அதை நிபுணர்கள் ஒப்பிட்டார்கள். உடல் கோடுகள், முடிக்கற்றைகள், நிற்கும் வாகு எல்லாம் ஒத்துப்போயின. எடுத்தவர் மறுத்தும் 2018-இல் பரிசு போனது. 2023-இல் சோனி புகைப்படப் போட்டியின் ஒரு பிரிவில் வென்ற போரிஸ் எல்டாக்சன், தன் படம் செயற்கை நுண்ணறிவால் உருவானது என்று அறிவித்துப் பரிசை மறுத்தார். உலகத்தின் பெரிய நடுவர்களுக்கே இந்தக் கதி என்றால், மாவட்டப் போட்டிகளில் இறுதிச் சுற்றுக்கு வருகிறவர்களிடம் ரா ஃபைலைக் கேட்டு வாங்குவது மிகக் குறைந்தபட்ச ஏற்பாடு.

நம் ஊரில் ஏமாற்று வேலையைவிட அறியாமைதான் அதிகம். மீன்கொத்திக்குப் பின்னால் இருக்கும் காய்ந்த குச்சியை ஒருவர் அழித்துவிட்டு இயற்கைப் பிரிவுக்கு அனுப்புகிறார். பல போட்டிகளின் விதிப்படி, இயற்கைப் படத்தில் க்ராப் செய்து ஓரத்தை வெட்டலாம். உள்ளே இருப்பதை நீக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. அதே படம் பொதுப் பிரிவில் வந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பறவைக் கூடுகளை எடுத்த படங்களை மட்டும் நான் எந்தப் பிரிவிலும் ஏற்பதில்லை. தெளிவாகத் தெரிய வேண்டுமென்று இலைகளை ஒதுக்கிவிட்டால் குஞ்சுகள் வெயிலில் காயும், காக்கைக்கு வழி கிடைக்கும். எவ்வளவு நல்ல ஃபோகஸாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

மார்க் போடுவதைவிட எனக்கு முக்கியம், முடிவு வந்தபின் எடுத்தவரோடு படத்தின் முன் நிற்பது. மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தை வாசலில் மல்லிகை கட்டும் பெண்ணை ஓர் இளைஞர் எடுத்திருந்தார். தேர்வாகவில்லை.

“கலர் கம்மியா இருக்கா சார்?”

“கலர் இருக்கட்டும் தம்பி. படத்தைப் பார்த்ததும் உங்க கண்ணு முதல்ல எங்க போகுது?”

“முகத்துக்கு சார்.” கொஞ்சம் நின்று பார்த்தார். “இல்ல சார், குடத்துக்கு.”

இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட சிவப்பு பிளாஸ்டிக் குடம். படத்தில் இருந்த ஒரே அழுத்தமான நிறம் அதுதான். வலப்பக்கம் இரண்டடி நகர்ந்திருந்தால் குடம் வெளியே போயிருக்கும். மெமரி கார்டில் அன்றைக்கு எடுத்த மற்ற படங்களையும் காட்டச் சொன்னேன். அவற்றில் ஒன்றில் அவர் தரையோடு தாழ்ந்து எடுத்திருந்தார். அந்தப் பெண் கால் கட்டைவிரலில் வாழைநாரை மாட்டி விறைப்பாக இழுத்திருக்கிறார். இரண்டு விரல்களுக்கு நடுவே முடிச்சு விழப்போகிறது. கண் பூவின் மேல் இருக்கிறது. குடம் இல்லை.

“இதை ஏன் அனுப்பல?”

“அவங்க கேமராவைப் பார்க்கலையே சார்.”

“அவங்க வேலையைப் பார்க்கிறாங்க. அதைத்தானே எடுக்கப் போனீங்க?”

‘கம்போசிஷன் சரியில்லை’ என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. குறை சொல்லும்போது இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். இந்த மூலை, இந்த வெளிச்சம், இந்தக் கை என்று. நல்லதையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். அந்த நாரின் விறைப்பைக் கண்ட கண் அவருடையது; அதை அவரிடம் யாராவது சொல்லியாக வேண்டும்.

போட்டி நடத்தும் நண்பர்களே, நுழைவுக் கட்டணம் வாங்குகிறீர்கள். பரிசு பெறுகிறவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. மற்றவர்களுக்கு ஓர் எண்கூடத் தெரிவதில்லை. முடிவு அறிவித்த வாரமே அரைநாள் ஒதுக்கித் தேர்வாகாத படங்களைத் திரையில் ஓட்டுங்கள். நடுவர்களையும் அனுப்பியவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். கூப்பிட்டால் நான் வருகிறேன்.

(தொடரும்)