டிராக்டர் எஞ்சின் ஆயிலை எப்போது மாற்றுவது?

உழவுப் பருவத்தில் டிராக்டர் பழுதாகி நின்றால், நிலத்தின் ஈரம் காத்திராது. எஞ்சினின் ஆயுள் பெரிதும் ஆயிலைப் பொறுத்தது. தேய்மானத்தைக் குறைப்பதோடு, வெப்பத்தை அகற்றுவதும் கரியையும் அழுக்கையும் தன்னுள் ஏந்திக்கொள்வதும் அதன் பணிகளாகும். குறைந்த அளவை ஊற்றி நிரப்பினாலே போதும் என்று எண்ணுவோர் பலரை நாம் காண்கிறோம். அதனால் அளவு சரியாகுமேயன்றி அழுக்கு நீங்காது.

காருக்குக் கிலோமீட்டர் கணக்கு, டிராக்டருக்கு மணிக்கணக்கு. வயலில் அது செல்லும் தூரம் குறைவு, உழைப்போ மிகுதி. பல டிராக்டர்களுக்கு 250 மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது வழக்கம். நாள்தோறும் 5 மணி நேரம் உழுதால் 50 நாளில் அக்கெடு வந்துவிடும். எனினும், வண்டியின் கையேடு கூறும் கணக்கே முடிவானது. புழுதி மிகுந்த வேலையாயின் முன்னதாகவே மாற்றுவது நலம். குறைவாக ஓடிய வண்டிக்கும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றுதல் வேண்டும். அப்போது பில்டரையும் மாற்றுக.

ஆயில் கறுத்திருப்பது மட்டும் கேட்டின் அறிகுறியன்று. பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்திருக்கக்கூடும். எஞ்சினை ஓட்டாது மெக்கானிக்கிடம் காட்டுக.

கழிவு ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ ஊற்றலாகாது. அதனைச் சேகரித்து, அனுமதி பெற்ற மறுசுழற்சி நிலையத்தாரிடம் சேர்ப்பிக்க ஊராட்சி உறுப்பினர்கள் ஏற்பாடு செய்வார்களாயின், எஞ்சினோடு ஊரின் குடிநீரும் காக்கப்படும்.