கனிகளைக் காக்கும் நுண்ணுயிர்கள்

பாக்டீரியா என்றதும் நாம் முகம் சுளிக்கிறோம். காலராவும் காசநோயுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், பாலைத் தயிராக்குபவையும் பாக்டீரியாக்களே. அவற்றுள் சில, பறித்த பழங்களை அழுகாமல் காக்கவும் வல்லவை என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பழம் ஏன் அழுகுகிறது? பறிக்கும்போதும் கூடையில் அடுக்கும்போதும் தோலில் சிறு காயங்கள் ஏற்படுகின்றன. காற்றில் மிதக்கும் பூஞ்சக்காளான் வித்துகள் அக்காயங்களில் விழுந்து, கசியும் சாற்றை உண்டு முளைக்கின்றன. ஆரஞ்சில் பச்சைப் பூசணமும் ஆப்பிளில் நீலப் பூசணமும் தோன்றுவது இவ்வாறுதான். இவ்விரண்டும் பெனிசிலியம் இனத்தைச் சேர்ந்தவை. பெனிசிலின் என்னும் உயிர்காக்கும் மருந்தைத் தந்த அதே இனம், பழத்தைக் கெடுக்கவும் செய்கிறது!

இவற்றை அழிக்க இரசாயன மருந்துகள் உண்டு. ஆனால், நாளடைவில் காளான்கள் அம்மருந்துகளையும் எதிர்த்து நிற்கத் தொடங்குகின்றன. மருந்தின் எச்சம் பழத்தில் தங்குமோ என்னும் கவலையும் எழுகிறது.

முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும் என்பார்கள் அல்லவா? 1984-ஆம் ஆண்டில் பியூசி, வில்சன் என்னும் அமெரிக்க அறிஞர்கள், பாசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியாவைக் கொண்டு பீச் முதலிய பழங்களின் பழுப்பு அழுகலைத் தடுக்கலாம் எனக் காட்டினர். அது சுரக்கும் இட்யூரின் என்னும் பொருள் காளானின் வளர்ச்சியை அடக்குகிறது. 1995-இல் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்னும் பாக்டீரியாவின் ஒரு வகைக்கு, ஆப்பிள், பேரி, ஆரஞ்சு போன்றவற்றில் பயன்படுத்த அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. அது காளானுக்கு முந்திக்கொண்டு காயத்தில் குடியேறி, அங்குள்ள இடத்தையும் உணவையும் தனதாக்கிக் கொள்கிறது. பின்னர் வரும் வித்து பட்டினி கிடக்கிறது.

அப்படியானால் எந்தப் பாக்டீரியாவையும் பழத்தில் தெளிக்கலாமா? கூடாது. உண்போருக்குத் தீங்கில்லை என்று சோதித்துத் தெளிந்தவற்றையே பயன்படுத்த வேண்டும். மேலும், இது காவலேயன்றி மருந்தன்று. காளான் வேரூன்றிய பிறகு இட்டால் பயன் குறைவு. ஆகவே பறித்தவுடன் இடுவதே நன்று. தூய்மையும் குளிர்ச்சியும் உடனிருந்தால்தான் இக்காவல் முழுப் பலன் தரும்.

ஓர் ஆண்டு முழுவதும் உழவர் சிந்திய வியர்வை சில நாட்களில் குப்பைக்குப் போவது பெரும் இழப்பு. அதைத் தடுப்பதில் நமக்கும் பங்கு உண்டு. கடையில் பழங்களை விரலால் அழுத்திப் பார்க்காதிருப்போம். வீட்டுக் கூடையில் அழுகிய பழம் ஒன்று இருந்தால் உடனே அகற்றுவோம். காயம் படாத பழத்திற்குக் காவலும் அதிகம் தேவையில்லை அன்றோ!