டோக்கைடோ சின்கான்சென்

டோக்கைடோ சின்கான்சென் என்பது ஜப்பானின் தலைநகரான டோக்கியோவையும் மேற்கே உள்ள பெருநகரான ஒசாக்காவையும் இணைக்கும் அதிவேக இரயில் பாதை ஆகும். 1964 அக்டோபர் 1 அன்று இது திறக்கப்பட்டது. ஜப்பானின் முதல் அதிவேகப் பாதை இதுவே. உலகிலும் இதுவே முதலாவது. டோக்கியோவிலிருந்து ஷின்-ஒசாக்கா நிலையம் வரை இதன் நீளம் 515.4 கி.மீ. ஆகும்.

'சின்கான்சென்' என்ற ஜப்பானியச் சொல்லின் பொருள் 'புதிய முதன்மைத் தடம்' என்பதாகும். 'புல்லட் ரயில்' என்று நாம் சொல்லும்போது வண்டியைக் குறிப்பிடுகிறோம். ஜப்பானியப் பெயரோ பாதையைக் குறிக்கிறது. இந்த வேறுபாடு கவனிக்கத்தக்கது. ஆற்றல் மிக்க வண்டியால் மட்டும் இந்த வேகம் கிடைத்துவிடவில்லை. வேகத்திற்குத் தடையான அனைத்தையும் விலக்கி, விரைவு வண்டிகளுக்கென்றே ஒரு தனிப்பாதை அமைக்கப்பட்டதே அதற்கு அடிப்படைக் காரணம்.

பின்னணி

ஜப்பானில் இரயில் போக்குவரத்து 1872-இல் தொடங்கியது. அப்போது 1,067 மி.மீ. அகலம் கொண்ட குறுகிய பாதை தேர்ந்தெடுக்கப்பட்டது. மலைகள் நிறைந்த நாட்டில் குறைந்த செலவில் பாதை அமைக்க இது உதவியது. ஆனால் குறுகிய பாதையில் வளைவுகள் கூர்மையாக இருந்ததால் வேகத்தைக் கூட்ட இயலவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் 1,435 மி.மீ. திட்டப் பாதைக்கு மாற வேண்டும் என்று யசுஜிரோ ஷிமா போன்ற பொறியாளர்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாதாடினர். அம்முயற்சி நிறைவேறவில்லை.

டோக்கியோவையும் ஒசாக்காவையும் இணைத்த பழைய டோக்கைடோ பாதை 1889-இல் முழுமை பெற்றது. நாட்டின் பெரிய நகரங்களும் தொழிற்சாலைகளும் இப்பாதையை ஒட்டியே வளர்ந்தன. 1940-இல் இந்த வழியில் அதிவேகப் பாதை ஒன்றை அமைக்கும் திட்டத்திற்கு ஒப்புதல் கிடைத்தது. நிலம் வாங்கும் பணியும் சுரங்கப் பணியும் தொடங்கின. இரண்டாம் உலகப்போர் முற்றியதால் அவை நின்றுபோயின. எனினும் அப்போது வாங்கிய நிலத்தில் ஒரு பகுதியும், 1944-இல் முடிக்கப்பட்ட நிஹோன்சாகா சுரங்கமும் பின்னாளில் சின்கான்சென் பாதைக்குப் பயன்பட்டன.

போருக்குப்பின் ஜப்பானின் பொருளாதாரம் விரைந்து வளர்ந்தது. நாட்டின் மொத்த இரயில் பாதையில் ஏறத்தாழ 3 விழுக்காடே இருந்த டோக்கைடோ பாதை, மொத்தப் போக்குவரத்தில் கால் பங்கைச் சுமந்தது. 1956-இல் இப்பாதை முழுவதும் மின்மயமாக்கப்பட்ட பின்னரும் நெரிசல் தீரவில்லை.

தனிப்பாதை என்ற முடிவு

1955-இல் ஷின்ஜி சோகோ, தமது 71-ஆம் வயதில், ஜப்பான் தேசிய இரயில்வேயின் தலைவரானார். அவர் யசுஜிரோ ஷிமாவின் மகனான ஹிதெயோ ஷிமாவை மீண்டும் பணிக்கு அழைத்து, தலைமைப் பொறியாளர் பொறுப்பை ஒப்படைத்தார். தந்தை கண்ட கனவை நிறைவேற்றும் வாய்ப்பு மகனுக்குக் கிடைத்தது.

நெரிசலைத் தீர்க்க மூன்று வழிகள் ஆராயப்பட்டன. முதலாவது, பழைய பாதைக்குப் பக்கத்திலேயே மேலும் இரு தடங்களைச் சேர்ப்பது. இரண்டாவது, வேறு வழியில் புதிய குறுகிய பாதை அமைப்பது. மூன்றாவது, முற்றிலும் தனியான திட்டப் பாதை அமைப்பது. முதல் இரண்டு வழிகளில் செலவு குறைவு. பழைய வண்டிகளையும் அப்படியே ஓட்டலாம். ஆயினும் சோகோவும் ஷிமாவும் மூன்றாவது வழியையே வலியுறுத்தினர்.

எதிர்ப்புகள் பல எழுந்தன. நெடுஞ்சாலையும் விமானமும் வளரும் காலத்தில் இரயிலுக்கு இவ்வளவு பணம் வீண் என்பது பலரின் கருத்து. சீனப் பெருஞ்சுவர், எகிப்தின் பிரமிடு, யமாத்தோ போர்க்கப்பல் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, இதுவும் அவை போன்ற வீண் பெருமுயற்சி என்று விமர்சிக்கப்பட்டது. இருப்பினும் 1958 டிசம்பரில் அரசு ஒப்புதல் அளித்தது. 1959 ஏப்ரல் 20 அன்று புதிய தன்னா சுரங்கத்தின் கிழக்கு வாயிலில் கட்டுமானப் பணி தொடங்கியது.

ஆய்வும் சோதனையும்

1957 மே மாதம் இரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் 50-ஆம் ஆண்டு நிறைவையொட்டி டோக்கியோவில் ஒரு பொதுச் சொற்பொழிவு நடைபெற்றது. தனிப்பாதை அமைத்தால் டோக்கியோவிலிருந்து ஒசாக்காவிற்கு 3 மணி நேரத்தில் செல்ல முடியும் என்று அறிஞர்கள் அதில் விளக்கினர். பொதுமக்களிடம் இச்செய்தி பெரும் வரவேற்பைப் பெற்றது.

இந்த ஆய்வில் போர்க்காலத்தில் படைத்துறைக்குப் பணியாற்றிய பொறியாளர்கள் முக்கியப் பங்கு வகித்தனர். விமான வடிவமைப்பாளராக இருந்த ததனாவோ மிக்கி, காற்றின் எதிர்ப்பைக் குறைக்கும் வண்டி வடிவத்தை ஆராய்ந்தார். போர்விமானங்களின் அதிர்வை ஆராய்ந்த ததாஷி மட்சுதைரா, வேகம் கூடும்போது சக்கரச் சட்டகம் பக்கவாட்டில் நெளியும் சிக்கலுக்குத் தீர்வு கண்டார். ஹஜிமே கவனபே சமிக்ஞை முறையை உருவாக்கினார்.

1962-இல் கனகாவா மாநிலத்தின் கமோனோமியாவில் சோதனைத் தடம் திறக்கப்பட்டது. அங்கே 1963 மார்ச் 30 அன்று சோதனை வண்டி மணிக்கு 256 கி.மீ. வேகத்தை எட்டியது. எதிர்பாராத சிக்கல்களும் சோதனையில் தெரியவந்தன. வண்டி விரைந்து சுரங்கத்தில் நுழைந்ததும் காற்றழுத்தம் மாறி, உள்ளே இருப்பவர்களுக்குக் காது அடைத்து வலித்தது. இதனால் காற்றுப் புகாதவாறு பெட்டிகள் வடிவமைக்கப்பட்டன.

நிதியும் சர்ச்சையும்

திட்டச் செலவு 19,720 கோடி யென் என்று மதிப்பிடப்பட்டு ஒப்புதல் பெறப்பட்டது. உண்மைச் செலவு இதைவிட மிகக் கூடும் என்பதைச் சோகோ அறிந்திருந்தார். முழுத் தொகையைச் சொன்னால் நாடாளுமன்றம் ஏற்காது என்பதால் குறைத்துக் காட்டினார் என்று வரலாற்றாளர்கள் குறிப்பிடுகின்றனர்.

அரசு மாறினால் திட்டம் கைவிடப்படலாம் என்ற அச்சமும் இருந்தது. அதைத் தவிர்க்க உலக வங்கியின் உதவி நாடப்பட்டது. உலக வங்கியின் கடனுக்கு அரசு உறுதி அளிக்க வேண்டும்; எனவே பின்வரும் அரசுகள் திட்டத்தை எளிதில் நிறுத்த முடியாது. 1961 மே மாதம் 8 கோடி அமெரிக்க டாலர் கடனுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. சோதனை நிலையிலுள்ள தொழில்நுட்பத்திற்கு அவ்வங்கி கடன் தருவதில்லை. ஏற்கெனவே நிலைபெற்ற நுட்பங்களைச் சேர்த்தே இப்பாதை அமைக்கப்படுகிறது என்று ஜப்பான் தரப்பு விளக்கியது. இக்கடன் 1981-இல் அடைத்து முடிக்கப்பட்டது.

இறுதியில் செலவு ஏறத்தாழ 38,000 கோடி யென்னாக உயர்ந்தது. கடும் கண்டனம் எழ, 1963-இல் சோகோ பதவி விலகினார், ஷிமாவும் விலகினார். மறு ஆண்டு முதல் வண்டி புறப்பட்ட விழாவிற்கு இருவரும் அழைக்கப்படவில்லை. ஷிமா அந்நிகழ்ச்சியைத் தம் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தார். பிற்காலத்தில் சோகோவின் உருவம் பொறித்த நினைவுச்சின்னம் டோக்கியோ நிலையத்தின் சின்கான்சென் நடைமேடையில் நிறுவப்பட்டது. ஷிமா 1969-இல் ஜப்பானின் தேசிய விண்வெளி வளர்ச்சி முகமையின் முதல் தலைவரானார்.

தொடக்க காலச் சேவை

டோக்கியோ ஒலிம்பிக் போட்டி தொடங்குவதற்கு ஒன்பது நாள்களுக்கு முன் பாதை திறக்கப்பட்டது. முதலில் 12 நிலையங்கள் இருந்தன. இரண்டு வகை வண்டிகள் ஓடின. 'ஹிக்காரி' (ஒளி என்று பொருள்) நகோயா, கியோட்டோ ஆகிய இரு இடை நிலையங்களில் மட்டும் நின்றது. 'கொதாமா' (எதிரொலி என்று பொருள்) எல்லா நிலையங்களிலும் நின்றது. இருவகையும் சேர்ந்து நாள்தோறும் 60 வண்டிகள் ஓடின.

வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 210 கி.மீ. ஆகும். பழைய பாதையில் விரைவு வண்டிக்கு 6 மணி 30 நிமிடம் தேவைப்பட்டது. ஹிக்காரி 4 மணி நேரத்தில் சென்றது. புதிதாக எழுப்பிய மண்மேடுகள் இறுகும்வரை சில இடங்களில் வேகம் குறைத்து ஓட்டப்பட்டது. 1965 நவம்பரில் பயண நேரம் 3 மணி 10 நிமிடமாகக் குறைந்தது. 1967 ஜூலையில் பயணிகள் எண்ணிக்கை 10 கோடியைத் தொட்டது.

இயங்கும் முறை

பாதை: சாலை குறுக்கிடும் லெவல் கிராசிங் ஒன்றுகூட இப்பாதையில் இல்லை. சரக்கு வண்டிகளோ மெதுவாகச் செல்லும் உள்ளூர் வண்டிகளோ இதில் ஓடுவதில்லை. முதன்மைத் தடத்தின் வளைவுகள் பொதுவாக 2,500 மீட்டர் ஆரம் கொண்டு அகன்றிருக்கும். மலைகளைச் சுற்றாமல் சுரங்கங்கள் வழியே பாதை செல்கிறது. புதிய தன்னா சுரங்கத்தின் நீளம் 7,959 மீட்டர்.

இழுவை: வழக்கமான வண்டியை முன்னே உள்ள இயந்திரம் இழுக்கிறது. அதன் பெரும் எடை தண்டவாளத்தை அழுத்தித் தேய்க்கும். தொடக்க கால சின்கான்சென் வண்டியில் ஒவ்வோர் அச்சுக்கும் ஒரு மின்மோட்டார் பொருத்தப்பட்டது. 12 பெட்டிகளில் 48 மோட்டார்கள் இருந்தன. இதனால் எடை சீராகப் பரவியது. வண்டி விரைவில் வேகம் பிடித்தது. வேகத்தைக் குறைக்கும்போது இதே மோட்டார்கள் மின்னாக்கிகளாக மாறித் தடையாகச் செயல்பட்டன.

மின்சாரம்: ஜப்பானின் கிழக்கில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் வழங்கப்படுகிறது. இப்பாதை இரு பகுதிகளிலும் செல்கிறது. கிழக்குப் பகுதியில் அதிர்வெண் மாற்று நிலையங்கள் அமைக்கப்பட்டு, பாதை முழுவதும் 25,000 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் அளிக்கப்படுகிறது.

சமிக்ஞை: மணிக்கு 210 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 58 மீட்டர் ஓடுகிறது. முழுத் தடை போட்டாலும் நிற்க 2 கி.மீ.க்கு மேல் தேவை. பாதையோர விளக்கை ஓட்டுநர் கண்டு நிறுத்துவது இயலாது. எனவே அனுமதிக்கப்பட்ட வேகம் தண்டவாளம் வழியே மின்குறிப்பாக அனுப்பப்பட்டு ஓட்டுநர் அறையில் காட்டப்படுகிறது. அந்த வேகத்தைத் தாண்டினால் தடை தானாகவே இயங்கும்.

பராமரிப்பு: நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை பயணிகள் வண்டிகள் ஓடுவதில்லை. அந்நேரத்தில் தண்டவாளமும் மின்கம்பிகளும் சரிபார்க்கப்படுகின்றன. 'டாக்டர் யெல்லோ' எனப்பட்ட மஞ்சள் நிற ஆய்வு வண்டி, பகலில் ஓடியவாறே பாதையை அளந்தது. இப்பாதைக்குரிய நிறுவனத்தின் ஆய்வு வண்டி 2025 ஜனவரியில் ஓய்வு பெற்றது.

பாதுகாப்பு

60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சேவையில், வண்டி தடம்புரண்டோ மோதியோ பயணி எவரும் இறந்ததில்லை. நிலநடுக்கத்தின் முதல் அலையை உணர்கருவிகள் கண்டறிந்தவுடன் மின்சாரம் நிறுத்தப்பட்டு வண்டிகளில் தடை இயங்கும் ஏற்பாடும் உள்ளது.

ஆனால் வேறு வகை இறப்புகள் நிகழ்ந்துள்ளன. 1995 டிசம்பரில் மிஷிமா நிலையத்தில் கதவில் கை சிக்கிய பயணி ஒருவர் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அதன்பின் கதவுகளின் இயக்கமுறை மாற்றியமைக்கப்பட்டது. 2015-இல் ஓடும் வண்டியில் ஒருவர் தீக்குளித்தபோது மற்றொரு பயணியும் இறந்தார்.

ஒலி மாசு வழக்கு

தனிப்பாதை மக்கள் நெருங்கி வாழும் பகுதிகள் வழியாகவும் சென்றது. வீடுகளுக்கு மிக அருகில் ஓடிய வண்டிகளின் இரைச்சலும் அதிர்வும் மக்களின் உறக்கத்தையும் உடல்நலத்தையும் பாதித்தன. நகோயா நகரில் பாதையோரம் வாழ்ந்த 575 பேர் 1974-இல் வழக்குத் தொடுத்தனர். 1975-இல் அரசு குடியிருப்புப் பகுதிகளுக்கு 70 டெசிபல் என்ற ஒலி வரம்பை வகுத்தது. 1980-இல் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. 1986-இல் இரு தரப்பும் உடன்பாட்டிற்கு வந்தன. வேகத்தின் பயனைப் பயணிகள் பெற, அதன் சுமையைப் பாதையோர மக்கள் தாங்க நேர்ந்ததை இவ்வழக்கு வெளிக்கொணர்ந்தது. பிற்கால வண்டிகளின் வடிவமைப்பில் இரைச்சலைக் குறைப்பது ஒரு முக்கிய நோக்கமாயிற்று.

பிற்கால வளர்ச்சி

1975-இல் இப்பாதையின் தொடர்ச்சியான சான்யோ சின்கான்சென், கியூஷு தீவின் ஹக்காத்தா வரை எட்டியது. 1987-இல் தேசிய இரயில்வே பிரிக்கப்பட்டுத் தனியார்மயமானபோது, டோக்கைடோ சின்கான்சென் மத்திய ஜப்பான் இரயில்வே நிறுவனத்தின் பொறுப்பில் வந்தது. 1992-இல் மணிக்கு 270 கி.மீ. வேகத்தில் ஓடும் 'நொசோமி' (நம்பிக்கை என்று பொருள்) அறிமுகமானது. 2015 முதல் உச்ச வேகம் 285 கி.மீ. ஆகும்.

இன்று இப்பாதையில் 17 நிலையங்கள் உள்ளன. ஒவ்வொரு வண்டியிலும் 16 பெட்டிகளும் 1,300-க்கு மேற்பட்ட இருக்கைகளும் உள்ளன. நெரிசலான நேரத்தில் நொசோமி மட்டுமே மணிக்கு 12 வரை இயக்கப்படும் நிலை 2020-இல் ஏற்பட்டது.

தாக்கம்

அதிவேக இரயிலால் விமானத்தோடும் காரோடும் போட்டியிட முடியும் என்பதை இப்பாதை உலகிற்குக் காட்டியது. 1981-இல் பிரான்சில் பாரிசு-லியோன் வழித்தடத்தில் அதிவேகச் சேவை தொடங்கியது. அங்கே அதிவேக வண்டிகள் நகரங்களுக்குள் பழைய பாதைகளிலும் செல்லும். ஜப்பானிய முறையில் பாதை முழுவதும் தனித்தே இருக்கும். இந்தியாவின் முதல் அதிவேகப் பாதையாக மும்பைக்கும் அகமதாபாத்திற்கும் இடையே 508 கி.மீ. நீளத்தில் அமைக்கப்படும் பாதைக்குச் சின்கான்சென் முறையே அடிப்படையாகக் கொள்ளப்பட்டு, 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது.

டோக்கைடோ சின்கான்சென் பாதையும் இப்போது தன் கொள்ளளவின் எல்லையை நெருங்கியுள்ளது. அதற்குத் துணையாக, காந்த விசையால் மிதந்து ஓடும் வண்டிகளுக்கான சூவோ சின்கான்சென் என்ற மற்றொரு தனிப்பாதையின் கட்டுமானம் 2014-இல் தொடங்கியது. 1950-களில் பழைய டோக்கைடோ பாதைக்குக் காணப்பட்ட அதே தீர்வு, இப்போது அதன் வாரிசுக்கும் நாடப்படுகிறது.